கேற் கொப்பி

தோஹா
09.02.2007

அன்பின் தங்கச்சி கமலாவுக்கு,

அண்ணன் யோகலிங்கம் எழுதுவது. எனக்கு ஒரு குறையும் இல்லை. இன்று வெள்ளிக்கிழமை, லீவு. உடுப்புத் தோய்த்துப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். போன கிழமை வீட்டுக்கு ஒன்பது தரம் போன் எடுத்தேன். ஏழு தரம் லைன் பிசி. அதில் நாலு தரம் நீ கந்தோரில் இருக்கிற நேரம். வீட்டில் இருப்பது நீயும் என் மகள் நிரோஜினியும்தான். நீ கந்தோரில் என்றால் லைனைப் பிடித்து வைத்திருந்தது யார்? இன்டர்நெற் போட்டால் போன் அடிக்காது என்பது எனக்கும் தெரியும்.

கம்பியூட்டர் வாங்கச் சொன்னது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். படிப்புக்கு ஏதாவது பார்க்க வேண்டுமென்றால் பிள்ளை ஓர்ஸ் ஹில்லிலிருந்து இறங்கி, இரண்டு சென்றிப் பொயின்றைத் தாண்டி ரவுணில் இருக்கிற இன்டர்நெற் கடைக்குப் போக வேண்டியிருந்தது. பதினாறு வயதுப் பெண்பிள்ளை அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டாம், வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்று நினைத்தேன். இப்போது பார்த்தால் வீட்டுக்குள் இருந்துகொண்டே எங்கேயோ போய் வருகிறாள். எங்கே என்று எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். உள்ளே வரும் கேற்றில் நான். வெளியே போகும் கேற்றில் சாம்பல்தீவு ஆனந்தராசா. ஒவ்வொரு லொறிக்கும் இலக்கம், வந்த நேரம், போன நேரம், என்ன சாமான், கடைசியில் சாரதியின் ஒப்பம். பின்னேரம் இரண்டு பேரின் கொப்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒத்துவராத வரியில்தான் களவு இருக்கும். ஐந்து வருடமாக எங்கள் கேற்றால் ஒரு சீமெந்துப் பை களவாகப் போனதில்லை.

அதே மாதிரி ஒரு சி.ஆர். கொப்பி எடு. கம்பியூட்டரை அவளுடைய அறையிலிருந்து ஹோலுக்கு மாற்று. குசினியில் நின்றாலும் உனக்குத் திரை தெரிய வேண்டும். அவள் உட்கார்ந்த நேரம், எழும்பிய நேரம், என்ன பக்கம் பார்த்தாள், எல்லாம் உன் கையால் எழுது. நீ கந்தோருக்குப் போகும்போது போன் வயரைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டு. என்னோடு வேலை செய்கிற ஸெய்னுதீன் கிண்ணியாவுக்கு லீவில் வருகிறார். அவரிடம் ஒரு சீடி தந்துவிடுகிறேன். கூடாத சொல் இருக்கிற பக்கத்தை அது திறக்கவிடாது. அவரே வந்து போட்டுத் தருவார்.

இதைப் பிள்ளைக்கு முன்னால் கதைக்காதே. போனிலும் கதைக்காதே. தாய் இல்லாத பிள்ளை. ஏதும் நடந்தால் ஊர் என்னைத்தான் கேட்கும்.

அண்ணன்
யோகலிங்கம்


ஓர்ஸ் ஹில், திருகோணமலை
25.02.2007

அன்பின் அண்ணா,

உங்கள் கடிதம் வந்தது. அதன் ஓரம் இரண்டாம் தரம் பசை கண்ட மாதிரி இருந்தது. நீங்கள்தான் இரண்டு தரம் ஒட்டினீர்களா, இல்லை எனக்கு முதல் வேறு யாரும் வாசித்தார்களா? எதற்கும் இதைத் தபாலில் போடாமல் ஸெய்னுதீன் நானாவின் கையிலேயே கொடுத்து விடுகிறேன்.

நானா போன ஞாயிறு வந்தார். சீடியைப் போட்டு ஒரு மணித்தியாலம் தட்டினார். இடையில் உங்கள் ஈமெயில் முகவரியையும் எங்கேயோ போட்டதைக் கண்டேன். "என்ன நானா இது?" என்றேன். "ஒண்டுமில்ல தங்கச்சி, சாமான் சரியா வேல செய்யிதா எண்டு பாக்கத்தான்" என்றார். தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனார்.

சாமான் நன்றாகவே வேலை செய்கிறது. நீங்கள் எழுதிக் கொடுத்த கூடாத சொற்களில் குண்டும் கொலையும் ஆயுதமும் இருக்கின்றன போல. திருகோணமலை என்று போட்டால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. நம்முடைய ஊரே பிள்ளைகள் பார்க்கக்கூடாத ஊராகிப் போய்விட்டது. பூக்களின் இனப்பெருக்கம் ஓ.எல். பாடத்தில் வருகிறது, அதையும் அடைத்துவிட்டது. செம்பருத்தியால் உங்கள் மகள் கெட்டுப்போக மாட்டாள் என்று நான் பொறுப்பு நிற்கிறேன்.

கொப்பியும் தொடங்கியாயிற்று. கந்தோரில் பதினெட்டு வருடம் பதிவேடு எழுதின கை, நிரல் எல்லாம் நேராகவே வந்தது. நிரோஜினி பக்கத்தில் வந்து பார்த்தாள். பிறகு, "மாமி, நான் எங்க போறன் எண்டு நீங்க எழுதினா, நீங்க எங்க போறீங்க எண்டு ஆர் எழுதிறது?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நீங்கள் கேட்டபடி முதல் கிழமைப் பக்கத்தைப் பார்த்தெழுதி இதனுடன் வைத்திருக்கிறேன். ஒரு விஷயம் மட்டும் எனக்கும் ஒரு மாதிரித்தான் இருக்கிறது. புதனும் சனியும் பின்னேரம் ஐந்து மணிக்கு உட்காருகிறாள். நான் கிட்டப் போனால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு வேறொன்றைத் திறக்கிறாள். நேரே கேட்டுவிடட்டுமா? கேட்டால் சொல்லுகிற பிள்ளைதான்.

கமலா


தோஹா
16.03.2007

தங்கச்சி,

ஸெய்னுதீன் வந்து சேர்ந்தார். கடிதமும் கொப்பிப் பக்கமும் கிடைத்தன. நான் ஒரு தரம்தான் ஒட்டினேன்.

நேரே கேட்காதே. கேட்டால் உஷாராகிவிடுவாள். லொறிக்காரனையும் நாங்கள் முதல் நாளே பிடிப்பதில்லை. நாலைந்து வரி சேரட்டும், பிறகு கொப்பியை முன்னால் விரித்து வைத்துக் கேட்டால் வாய் திறக்க ஏலாது.

இனி நீ கோபிக்கக் கூடாது. அந்தக் கம்பியூட்டரில் திறக்கிற பக்கங்களின் பெயரும் நேரமும் ஒவ்வொரு கிழமையும் எனக்கு ஈமெயிலில் வருகின்றன. உள்ளே என்ன எழுதினாள் என்று தெரியாது, எங்கே போனாள் என்பது தெரியும். இரண்டாவது கேற் இல்லாமல் முதலாவது கேற்றால் பிரயோசனமில்லை. உன் பக்கத்தையும் எனக்கு வந்ததையும் வைத்துப் பார்த்தேன். எல்லாம் ஒத்துவருகிறது, ஒரு வரியைத் தவிர.

ஞாயிறு காலை 10.05 முதல் 10.50 வரை. உன் கொப்பியில் ஒன்றும் இல்லை. எனக்கு வந்ததில் கலியாணப் பொருத்தம் பார்க்கிற பக்கம் ஒன்று இருக்கிறது. பதினாறு வயதில் அவளுக்கு அங்கே என்ன வேலை? நீ அந்த நேரம் எங்கே போனாய்? ஆனந்தராசாவிடம் காட்டினேன். "அண்ணை, இது கவனிக்க வேண்டிய விஷயம்" என்றான். நீ நேரே சொல். கண்டும் காணாமல் விட்டாயா, அல்லது இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாற்றுகிறீர்களா?

இன்று முதல் கொப்பியில் குறிப்பு என்று இன்னொரு நிரல் போடு. மனதுக்குச் சரிவராத எந்த இடத்திலும் சிவப்புப் பேனையால் சந்தேகம் என்று எழுது. பெற்றவள் இருந்திருந்தால் இதையெல்லாம் நான் சொல்லித்தர வேண்டி வந்திராது.

யோகலிங்கம்


ஓர்ஸ் ஹில்
08.04.2007

அண்ணா,

பெற்றவள் இருந்திருந்தால் என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு வருடமாக அந்தப் பிள்ளைக்குத் தலை இழுத்துப் பின்னியதும், பெரியபிள்ளையான அன்று பக்கத்தில் இருந்ததும், ஷெல் சத்தம் கேட்ட இரவுகளில் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்ததும் நான். இதை நான் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. இன்று சொல்ல வைத்துவிட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வரி என்னுடையது. அந்த நேரம் நிரோஜினி ரியூசனில். நாற்பத்தொரு வயதில் எனக்கென்ன வெட்கம், எழுதிவிடுகிறேன். லண்டனில் இருக்கிற ஒரு மனிதர் இரண்டு வரி எழுதினார். நான் மூன்று வரி பதில் எழுதினேன். அவ்வளவுதான். அதை நீங்கள் ஆனந்தராசாவுக்கு முன்னால் விரித்து வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். ஸெய்னுதீன் நானா ஏன் என் முகத்தைப் பார்க்காமல் எழும்பிப் போனார் என்று இப்போது விளங்குகிறது. நான் இனி அந்தப் பக்கம் போவதில்லை. உங்கள் கேற் நன்றாக வேலை செய்கிறது.

பிள்ளை சொன்னது சரி. நான் எங்கே போகிறேன் என்று எழுத ஆள் இருந்திருக்கிறது.

ஆனாலும் உங்கள் வருத்தம் எனக்கும் தொற்றிவிட்டது. இப்போதெல்லாம் அவள் தண்ணீர் குடிக்க எழும்பினாலும் மணிக்கூட்டைப் பார்க்கிறேன். குறிப்பு நிரல் போட்டாயிற்று. கந்தோர்ச் சிவப்புப் பேனையால் இதுவரை ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறேன். ஒரு செய்திப் பக்கம் இரண்டு தரம். ஈச்சிலம்பற்று என்று தேடியது ஒரு தரம். மற்ற இரண்டும் புதன், சனி.

போன சனிக்கிழமை அவள் மூடுவதற்கு முதல் ஒரு பெயரைக் கண்டுவிட்டேன். கடிதம் வந்தது அபூதாஹிர் என்கிற ஆளிடமிருந்து. எங்களுக்கு அப்படி ஒருவரைத் தெரியாது. அவளுடைய வகுப்பிலும் இல்லை, விசாரித்தேன். கடிதம் நீளமானது. வாசிக்கும்போது அவளுடைய முகம் நான் ஒருநாளும் காணாத மாதிரி இருந்தது.

இப்போதும் கேட்கிறேன். கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டுவிடட்டுமா?

கமலா


தோஹா
27.04.2007

தங்கச்சி,

உன் விஷயத்தில் நான் செய்தது கொஞ்சம் கூடித்தான் போயிற்று. ஆனந்தராசாவிடம் அது பிழையான வரி என்று சொல்லிவிட்டேன். லண்டன்காரர் யார், எந்த ஊர் என்று வேண்டுமானால் விசாரித்துத் தருகிறேன்.

மற்றதையும் வாசித்தேன். அபூதாஹிர் யார்? எத்தனை வயது? எந்த ஊர்? ஸெய்னுதீனிடம் கேட்டேன். "அந்தப் பேரில கிண்ணியாவில மட்டும் நூறு பேர் இருப்பாங்க, நான் ஆரெண்டு சொல்ற?" என்றார். அவர் மறைக்கிறாரோ என்றும் ஒரு யோசனை வந்தது. அவரோடு முன்னைப்போல் கதைக்க மனமில்லை.

ஈச்சிலம்பற்றில் அவளுக்கு என்ன தேடல்? அவளுடைய தாயின் ஊர் என்பதைத் தவிர எங்களுக்கு அங்கே ஒன்றும் இல்லை. தாயின் செத்த வீட்டில் அவளுடைய தங்கச்சி தங்கரத்தினம் எல்லோருக்கும் முன்னால் என்னைப் பார்த்துச் சொன்ன சொல்லை நீயும் கேட்டாய். அன்றே அந்த வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது, அங்கிருந்து ஒரு சொல் இங்கே வரக்கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லி வைத்தேன். அவள் அதை மீறமாட்டாள். அப்படியானால் யாரோ அந்தப் பக்கத்தால் அவளை எதற்கோ இழுக்கிறார்கள். இந்தக் காலத்தில் பதினாறு வயதுப் பிள்ளைகளை எதற்கு இழுக்கிறார்கள் என்று நான் எழுதத் தேவையில்லை.

வயரைப் பிடுங்காதே. அவளிடம் ஒன்றும் கேட்காதே. வழமைபோல் இரு. வரிகள் சேரட்டும். ஒவ்வொரு தரமும் அபூதாஹிர் என்ற பெயரைத் தெளிவாக எழுது, நேரத்தோடு. ஓகஸ்டில் நான் லீவில் வரும்போது கொப்பியை மேசையில் விரித்துவைத்து நானே கேட்கிறேன். அதுவரை அந்தக் கொப்பியைப் பத்திரமாக வை.

யோகலிங்கம்


ஓர்ஸ் ஹில்
20.05.2007

அண்ணா,

கொப்பி இப்போது நம்மிடம் இல்லை.

புதன்கிழமை விடிய ஐந்தரைக்கு எங்கள் பகுதியைச் சுற்றிவளைத்தார்கள். வந்தவர்கள் யாரென்று எழுதவில்லை. வழமையான சோதனைதான் என்று நானும் நினைத்தேன். வீட்டுப் பெயர்ப் பட்டியலைக் காட்டினேன், இரண்டு பேர், சரி என்றார்கள். போகிற நேரத்தில்தான் ஒருவர் ஹோலில் இருந்த கம்பியூட்டர் மேசையைப் பார்த்தார். கொப்பி அங்கேதான் இருந்தது. பேனையை நூலில் கட்டி வைத்திருந்தேன், அவ்வளவு ஒழுங்கு. தமிழ் வாசிக்கத் தெரிந்த இன்னொருவரைக் கூப்பிட்டார்.

அவர் நின்றபடியே வாசித்தார். திகதி, நேரம், செய்திப் பக்கம், இருபது நிமிடம். ஈச்சிலம்பற்று, பதினைந்து நிமிடம். அபூதாஹிர், கடிதம். அபூதாஹிர், கடிதம். எல்லாம் என் எழுத்து. வாசிக்க ஒரு கஷ்டமும் இல்லை.

"இது ஆர் எழுதினது?"

"நான்."

"என்னத்துக்கு?"

"பிள்ளையைக் கவனிக்கிறதுக்கு."

அவர் சிவப்பு எழுத்தில் விரலை வைத்தார். "பதினொரு இடத்தில சந்தேகம் எண்டு எழுதியிருக்கு. வீட்டு ஆக்கள் நீங்களே இப்பிடி எழுதினா, நாங்கள் என்ன எண்டு எழுதிறது?"

யோசித்துப் பாருங்கள் அண்ணா. நாங்கள் மூன்று மாதமாக உட்கார்ந்து, நிரல் போட்டு, நேரம் போட்டு, நம்முடைய பிள்ளைக்கு எதிராக ஒரு வழக்கு எழுதி வைத்திருக்கிறோம். அவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான்.

கம்பியூட்டரையும் கொண்டுபோனார்கள், நிரோஜினியையும் கொண்டுபோனார்கள். நான் பின்னால் ஓடினேன். என்னை வாசலில் இருத்திவிட்டு அவளை மூன்று மணித்தியாலம் தனியாக உள்ளே வைத்திருந்தார்கள். அந்த மூன்று மணித்தியாலத்தை நான் எழுதமாட்டேன். பின்னேரம் விட்டார்கள். அடி இல்லை. இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் போய் ஒப்பம் வைக்க வேண்டும்.

அபூதாஹிர் யார் என்று கேட்டீர்கள். வாழைச்சேனைப் பக்கம் அகதி முகாமுக்குக் கிட்ட, சனம் போன் எடுக்கவும் ஈமெயில் அனுப்பவும் வருகிற ஒரு கொமினிகேஷன் கடை வைத்திருப்பவர். அறுபது வயது. ஈச்சிலம்பற்றுச் சனம் இடம்பெயர்ந்து அங்கேதான் இருக்கிறது. செய்திப் பக்கத்தில் வந்த அகதிகள் பட்டியல் ஒன்றில் நிரோஜினி தங்கரத்தினத்தின் பெயரைக் கண்டிருக்கிறாள். கீழே அந்தக் கடையின் முகவரி இருந்திருக்கிறது. தங்கரத்தினத்துக்குத் தட்டத் தெரியாது. புதனும் சனியும் கடைக்கு வந்து சொல்லச் சொல்ல அந்த மனிதர் தட்டி அனுப்பியிருக்கிறார். அவ்வளவு நாளும் பிள்ளை கதைத்தது தன்னுடைய சின்னம்மாவோடு.

என்ன கதைத்தாள் என்று கேட்கிறீர்களா? அந்தக் கடிதங்களையெல்லாம் அவளுக்கு முன்னால் உரத்து வாசித்தார்களாம். அம்மா மீன் குழம்புக்கு என்ன புளி விடுவா? அம்மாவுக்குக் கடைசியில் என்ன வருத்தம் வந்தது? அம்மா சிரிக்கும்போது வாயைப் பொத்துவாவா, ஒரு படத்திலும் பல் தெரியவில்லையே? இதுதான் அண்ணா நாங்கள் பிடித்த களவு. இந்தக் கேள்விகளை அவளால் உங்களிடமும் கேட்க ஏலவில்லை, என்னிடமும் கேட்க ஏலவில்லை.

வரும் வழியில் ஓட்டோவுக்குள் ஒன்றுதான் சொன்னாள். "மாமி, எல்லாம் உங்கட எழுத்து." பிறகு வீட்டு வாசலில் வைத்து இன்னொன்று சொன்னாள். விசாரித்தவர்களிடம் அவள் கெஞ்சிக் கேட்டிருக்கிறாள், "அப்பாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்று.

அந்த அறையில் இருந்தபோதும் அவள் பயந்தது உங்களுக்கு. இதை வாசித்துவிட்டு ஆனந்தராசாவிடம் காட்டுங்கள்.

கமலா


தோஹா
08.06.2007

கமலா,

உன் கடிதத்தைப் பத்துத் தரம் வாசித்தேன். யாருக்கும் காட்டவில்லை.

கொப்பியை மேசையில் ஏன் வைத்தாய், அலுமாரிக்குள் வைத்திருக்கலாமே என்று முதலில் ஒரு கடிதம் எழுதினேன். அதைக் கிழித்துப்போட்டேன். எழுதச் சொன்னவன் நான். நேரே கேட்கட்டுமா என்று நீ இரண்டு தரம் கேட்டாய். வேண்டாம் என்றவனும் நான்.

இப்போது போன் எடுத்தால் முதல் மணியிலேயே லைன் கிடைக்கிறது. முன்பு பிசியாக இருந்தபோது எவ்வளவு கத்தினேன். இப்போது அந்த மணிச் சத்தம் கேட்கவே பயமாக இருக்கிறது. அவள் எடுக்கிறாள், மூன்று நிமிடம் கதைக்கிறாள். படித்தேன் அப்பா, சாப்பிட்டேன் அப்பா, மாமி சுகம் அப்பா. ஏதோ கடதாசியைப் பார்த்து வாசிக்கிற மாதிரி இருக்கிறது. பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா? உண்மையைச் சொல். அவர்கள் வீட்டுக்கு வந்து போகிறார்களா? நீ எனக்கு எதையோ ஒளிக்கிறாய் என்றே எனக்குப் படுகிறது.

சாப்பிடுகிறாளா?

அண்ணா


ஓர்ஸ் ஹில்
24.06.2007

அன்பின் அண்ணா,

போனில் கதைக்கும்போது அவளுக்குப் பக்கத்தில் யாரும் நிற்பதில்லை. நான் உங்களுக்கு ஒளித்தது ஒன்று உண்டு. எப்படி எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன்.

கம்பியூட்டரைத் திருப்பித் தந்துவிட்டார்கள். சீலையால் மூடிக் கிடக்கிறது, அவள் தொடுவதில்லை. கடிதமும் எழுதுவதில்லை. அபூதாஹிரையும் கூப்பிட்டு விசாரித்தார்களாம். பத்து நாள் கடை பூட்டிக் கிடந்ததாம். அதைக் கேட்ட நாளிலிருந்து அந்தப் பெயரையே அவள் சொல்வதில்லை.

அவள் ஒரு புதுக் கொப்பி எடுத்திருக்கிறாள். சி.ஆர். கொப்பி, அதே நிரல்கள். தன்னைத்தானே எழுதுகிறாள். 6.05 எழும்பியது. 6.10 முதல் 6.20 வரை கிணற்றடி. 6.40 தேத்தண்ணி, குறிப்பு: சீனி போட்டது. பள்ளிக்கூடத்தில் யாரோடு கதைத்தது, எத்தனை நிமிடம், என்ன கதை. பின்னேரம் என்னிடம் கொண்டுவந்து, "மாமி, ஒப்பம் வையுங்கோ" என்கிறாள். முதல் நாள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "ஆக்கள் வந்தாக் காட்டலாந்தானே" என்றாள். ஒரு நாள் அரை மணித்தியாலம் எழுத மறந்துபோய், அந்த நேரம் தான் எங்கே இருந்தேன் என்று நினைவு வராமல் அழுதாள். நான் கண்டேன் பிள்ளை, நீ முற்றத்தில் உடுப்பு எடுத்துக்கொண்டு நின்றாய் என்று சொன்ன பிறகுதான் அழுகை நின்றது.

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன் அண்ணா. பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, நான் செய்தது பிழை பிள்ளை என்றேன். "ஓம் மாமி" என்றாள். பிறகு கொப்பியை எடுத்து எழுதினாள். 7.20, மாமி மன்னிப்புக் கேட்டது, 2 நிமிடம்.

என்னைக் குறை சொல்லாமல், என்னோடு கோபிக்காமல் இருக்கிறாளே, அதுதான் எனக்குத் தாங்க ஏலவில்லை. திட்டினால் நன்றாக இருக்கும்.

அவளைக் கேட்டு, அவள் சம்மதித்த பிறகு, ஒரு தாளைக் கிழித்து இதனுடன் அனுப்புகிறேன். கேட்காமல் எடுக்கவில்லை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நடுவில் உங்கள் வரி இருக்கிறது.

கமலா

(இணைத்த தாளிலிருந்து)
வெள்ளி. பின்னேரம் 6.10 – 6.13. அப்பா, போன். கதைத்தது: படிப்பு, சாப்பாடு. குறிப்பு: அம்மாவப் பற்றி ஒண்டும் கேக்கேல்ல.


தோஹா
13.07.2007

அன்பின் தங்கச்சி,

அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் கேற்றில் நிற்கிறேன். இங்கே இன்னும் மூன்று கிழமைதான் நிற்பேன். வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனந்தராசா பைத்தியமா என்று கேட்டான். ஸெய்னுதீன் பெட்டி கட்ட உதவினார். அவரையும் நான் சந்தேகப்பட்டேன் என்று சொன்னேன். "தெரியும்" என்றார்.

தங்கரத்தினத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், அபூதாஹிர் அவர்களின் கடை முகவரிக்கு. அவருக்கும் தனியாக ஒரு தாள் வைத்தேன். செத்த வீட்டில் தங்கரத்தினம் என்ன சொன்னாள் என்பது உனக்கு நினைவிருக்கும். பெண்சாதி மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடக்கும்போது இவர் அங்கே லொறிக்கு நேரம் எழுதிக்கொண்டு நின்றார் என்றாள். அது உண்மை. உண்மை என்பதால்தான் அந்த வாசலைப் பூட்டினேன். பிள்ளை கேட்டால் பதில் சொல்ல வேண்டிவரும் என்ற பயத்தில் பிள்ளையின் வாயையும் பூட்டினேன். நான் பயந்தது இன்டர்நெற்றுக்கு இல்லை.

இதை அவளுக்கு வாசித்துக் காட்டு. ஓம், உன் அம்மா சிரிக்கும்போது வாயைப் பொத்துவாள். மேல் வரிசையில் ஒரு பல் கொஞ்சம் ஏறியிருக்கும், அதை மறைக்கத்தான். நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருக்கும்போது பொத்தமாட்டாள், எனக்கு முன்னால் நன்றாகப் பல் தெரியச் சிரிப்பாள். மீன் குழம்புக்கு என்ன புளி என்று எனக்குத் தெரியாது, ஒருநாளும் கேட்டதில்லை. அதைத் தங்கரத்தினத்திடம்தான் கேட்க வேண்டும். நான் வந்த பிறகு அடுத்த சனிக்கிழமை ஒப்பம் வைக்க அவளோடு நான் போகிறேன். அது முடிய வாழைச்சேனைக்கு மூன்று பேரும் போவோம்.

கொப்பியை விடு என்று அவளுக்குச் சொல்லாதே. நான் சொல்லித் தொடங்கியது, நான் சொல்லி நிற்காது. ஒரு புது வரி மட்டும் போடச் சொல். பெயர்: யோகலிங்கம். எங்கிருந்து: தோஹா. வந்த நேரத்தை அவளே மணிக்கூட்டைப் பார்த்து எழுதட்டும். போன நேரத்துக்கு உரிய இடத்தை வெறுமையாக விடச் சொல். குறிப்பு நிரலில் அவளுடைய மனதுக்கு என்ன படுகிறதோ எழுதட்டும். சந்தேகம் என்று எழுதினாலும் சரி, கீழே நான் ஒப்பம் வைக்கிறேன்.

அண்ணா